கிராணி மாற்றிச் சொன்னது

1
இந்தக் கதை எனக்கு ஒரு ஜப்பானியச் சொற்றொடரிலிருந்து கிடைத்தது. 'முனே நி தே ஓ அதேதே' என்றால் மார்பில் கை வைத்து. செய்ததை நினைத்துப் பார் என்று பொருள். எங்கே பிறந்தது என்று தேடினேன், பிடிபடவில்லை. மனசு நெஞ்சுக்குள் இருப்பதாக நம்பிய யாரோ முதலில் கை வைத்திருக்கலாம். தமிழிலும் அதே கை, அதே நெஞ்சு. ஆனால் நாம் யோசிக்கச் சொல்வதில்லை; உண்மையைச் சொல்லச் சொல்கிறோம்.

2
குருண் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில், 1943இல், மூடுபனி விலகாத—

(வேண்டாம். ஆளிலிருந்து தொடங்குகிறேன்.)

பரஞ்சோதி தோட்டத்துக் கிராணி. கணக்கு வேலையோடு, ஜப்பான்காரர்கள் வந்த பிறகு அவர்கள் பாஷையையும் படித்து மொழிபெயர்ப்பாளரானார். சயாம் ரயில்பாதை வேலைக்கு ஆள் ஏற்றிய வண்டியிலிருந்து பழனியாண்டி குதித்து ஓடிவிட்டான். தேடி வந்த அதிகாரி லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்த ஜனங்களை வெயிலில் நிறுத்தினார். கத்தவில்லை. மார்பில் கை வைத்து யோசியுங்கள் என்றார், அவ்வளவுதான்.

பரஞ்சோதி பழக்கதோஷத்தில், "நெஞ்சுல கை வச்சு உண்மையச் சொல்லுங்க" என்றுவிட்டார்.

தப்பு உறைப்பதற்குள் பழனியாண்டியின் மனைவி மருதம்மாள் நெஞ்சில் கை வைத்துவிட்டாள்.

"மாட்டுக் கொட்டாயிலதான் இருக்காரு, ஐயா. காய்ச்சலா கெடக்காரு."

3
(புருஷனைக் காட்டிக்கொடுப்பாளா? அந்த வரியை அடித்துவிட்டு அவளைப் பொய் சொல்லவைத்தேன். அது வேறு யாரோ பெண். நெஞ்சில் கை வைத்தால் சத்தியம் என்று வளர்ந்தவள் இவள். பழையதையே விட்டுவிட்டேன்.)

என்ன சொல்கிறாள் என்று அதிகாரி கேட்டார். சொன்னால் பழனியாண்டி போவான் என்று பரஞ்சோதிக்குத் தெரியும். மறைத்தது தெரிந்தால் தன் தலை போகும்.

"யோசிக்கிறாளாம்" என்றார் ஜப்பானிய மொழியில்.

அதிகாரி தலையசைத்தார். யோசிக்கத்தானே சொல்லியிருந்தார். ஆனால் வண்டியில் ஓர் இடம் காலி. வரிசையில் நின்ற அம்மாசியைக் கை காட்டி ஏற்றச் சொன்னார்.

பழனியாண்டி பிழைத்து, செமிலிங் பக்கம் போய்ப் பதுங்கினான். அம்மாசி சயாமிலிருந்து திரும்பவில்லை.

4
ஜப்பான்காரர்கள் போன பிறகு, அம்மாசியின் மனைவி பாப்பம்மா ஆபீஸ் வாசலுக்கு வந்தாள். அழவில்லை.

"மருதம்மா சொன்னது அன்னிக்கு எனக்கும் கேட்டுச்சுங்க. எங்க வீட்டு ஆள ஏத்துறப்பக்கூட நான் கொட்டாயக் கை காட்டல. நீங்களும் காட்டல. நாம செஞ்சது சரிதானுங்களா?"

பரஞ்சோதிக்கு ஒரு பதில் எழுதினேன்: சரிதான் என்றார். அதன்பின் எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் போனது. தப்பு என்றும் எழுதினேன். அப்படியானால் கொட்டாயைக் காட்டியிருக்க வேண்டும்; பழனியாண்டி செத்துப்போகிறான். பேசாமல் உள்ளே போனார் என்று எழுதியதை—

வாசலில் அவள் நிற்கிறாள். என்னிடம் இருந்த பதில்கள் தீர்ந்துவிட்டன. அவள் நேரே பார்த்துக் கேட்கிறாள். உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள்.