தப்பால் பையின் மூடி

இதைப் படிக்க நேரும் பெரியோர்கள் முதலில் என்னைப் பொறுத்தருள வேண்டும். கோலா சிலாங்கூரில் ஏழாம் வகுப்பு வரை தமிழ் படித்தேன் என்பதைத் தவிர, எழுதுவதற்கு எனக்கு வேறு தகுதி கிடையாது. விண்ணப்பங்கள் எழுதியிருக்கிறேன், கதை எழுதியதில்லை. இதைக் கதை என்று சொல்லலாமா என்பதும் எனக்குத் தெரியவில்லை. பிழைகள் கண்ணில் பட்டால் திருத்திப் படித்துக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அது 1952ஆம் ஆண்டு, மலாயாவில் அவசரகாலம்; கம்யூனிஸ்டுகள் காட்டில் ஒளிந்து வெள்ளைக்கார அரசாங்கத்தோடு சண்டையிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் ரப்பர் தோட்டம் ஜெராம் சாலையிலிருந்து மூன்று மைல் உள்ளே இருந்தது. அந்த ஆண்டுதான் தூரத்தில் இருந்த தொழிலாளர் குடியிருப்பு லயங்களையும் பெயர்த்துக்கொண்டு வந்து ஒரே இடத்தில் வைத்து, சுற்றிலும் இரட்டை முள்வேலி போட்டார்கள். கேட் காலை ஆறு மணிக்குத் திறக்கும். மாலை ஆறு மணிக்கு மூடும். காட்டில் இருப்பவர்களுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போய்விடக் கூடாது என்று, வெளியே போகிறவர்களையும் உள்ளே வருகிறவர்களையும் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள்.

என் கணவர் முருகையா ரப்பர் பாலெடுக்கப் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். முழங்கால் வீங்கி மேட்டில் ஏற முடியாமல் போனபோது, ஆபீஸின் தலைமை எழுத்தரான பெரிய கிராணி கார்த்திகேசு ஐயா இரக்கப்பட்டு அவரைத் தப்பால்காரராக்கினார். ஆபீஸ் கடிதங்களைச் சைக்கிளில் கோலா சிலாங்கூருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, தோட்டத்துக்கு வந்திருப்பதை வாங்கி வர வேண்டும். கிராணி ஐயா யாழ்ப்பாணத்துக்காரர்.

“பையை நீரே கொண்டு வாரும்,” என்றாராம். “துரைக்குக் கடிதம் மடிஞ்சிருந்தால் பிடியாது. விறைப்பா இருக்கவேணும், விளங்குதோ?”

வாங்குவதற்கு வழியில்லை. என் தகப்பனார் திருமணத்தின்போது கொடுத்த கையால் சுற்றும் தையல் மிஷின் என்னிடம் இருந்தது. என் கணவருடைய பழைய காக்கிக் கால்சட்டைகள் இரண்டைப் பிரித்தேன். ஆபீஸில் பயன்படுத்தும் நீள உறை ஒன்றைக் கேட்டு வாங்கி, அதைவிட இரண்டு விரற்கடை கூடுதலாக முன்பக்கமும் பின்பக்கமும் வெட்டினேன். பக்கத்துக்கு மூன்று விரல் அகலத்தில் ஒரு பட்டை கொடுத்தேன். தோள்வார் நாலாக மடித்தது. அது பையுடன் சேரும் இடத்தில் சதுரமாக ஓட்டி, சதுரத்துக்குள் பெருக்கல் குறிபோல் இரண்டு தையல் போட்டேன். அந்த இடத்தில் துணி எட்டு மடிப்பானதால் ஊசி இரண்டு முறை முறிந்தது.

எல்லாம் சரியாக வந்தும் மூடி மட்டும் ஈரத் துணிபோல் தொங்கியது. உள்ளே வைக்க அட்டை தேவை. கடையில் அட்டைப் பெட்டி கேட்டேன். எனக்கு முன்பே பலர் கேட்டு வைத்திருந்தார்கள்.

அப்பொழுதுதான் அந்தத் தாள்களின் நினைவு வந்தது. முந்தைய வாரம் ஆகாய விமானம் ஒன்று தாழப் பறந்து துண்டறிக்கைகளைக் கொட்டிவிட்டுப் போயிருந்தது. லயத்துக் கூரைமேலும் சாக்கடையிலும் அவை கிடந்தன. நானும் பக்கத்து வீட்டு லெட்சுமியும் அடுப்பெரிக்க உதவும் என்று பொறுக்கி வைத்தோம்.

“வெள்ளக்காரன் வானத்துலேருந்து காயிதமா கொட்டுறான். அதுக்குப் பதிலா ரெண்டு மூட்டை அரிசியக் கொட்டினா ஆகாதாக்கா?” என்றாள் லெட்சுமி.

“அப்புறம் அதையும் கேட்ல தடவிப் பாப்பாங்கடி,” என்றேன். இருவரும் வெகுநேரம் சிரித்தோம்.

நல்ல தடிப்பான தாள். சீனத்திலும் தமிழிலும் அச்சிட்டிருந்தது. இதைக் காட்டிச் சரணடைகிறவருக்குத் தீங்கு நேராது என்பது அதன் சாரம். நான் அறியாமல் எடுத்தேன் என்று சொல்ல முடியாது. முழுவதும் வாசித்துவிட்டுத்தான் எடுத்தேன். அரசாங்கமே அச்சிட்டு அரசாங்கமே போட்ட தாளைவிடப் பாதுகாப்பான தாள் எது இருக்க முடியும் என்று எண்ணினேன். நாலெழுத்துப் படித்தவள் என்ற நினைப்பு எனக்கு.

மரவள்ளி மாவில் பசை காய்ச்சி, மூடிக்குப் பதினாறு, அடிப்பக்கத்துக்குப் பன்னிரண்டு என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினேன். அம்மிக்கல்லை மேலே ஏற்றி இரண்டு நாள் காயவிட்டு, துணிக்குள் செருகி, நான்கு பக்கமும் தைத்து மூடினேன்.

“அடேங்கப்பா! தொரையே இதக் கேப்பாரு போலருக்கே,” என்றார் என் கணவர். விரலால் மூடியைத் தட்டிப் பார்த்தார். “உள்ள என்ன புள்ள வச்ச, பலகையா?”

“அதெல்லாம் சொல்லமாட்டேன். கொண்டுபோங்க.”

விளையாட்டாகத்தான் சொன்னேன். அவரும் பிறகு கேட்கவில்லை.

பத்து நாள் அந்தப் பை போய்வந்தது. பதினோராம் நாள் பிற்பகலில் அடைமழை. அவர் நனைந்து திரும்பியபோது நான் கேட்டுக்கு அருகில் உள்ள குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். பசை இளகி, மூடியின் ஒரு பக்கம் பொங்கியிருந்தது. காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள் அதை அழுத்தினார், மறுபடியும் அழுத்தினார். பிறகு கத்தியால் என் தையலைக் கீறினார். தாள்கள் கற்றையாகக் கீழே விழுந்தன.

“இது என்ன?” என்று மலாயில் கேட்டார்.

“தெரியாது, துவான்,” என்றார் என் கணவர். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். நான் குடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவரை லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் ஒன்பது மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிராணி ஐயா வீட்டுக்கு ஓடி, நடந்ததைச் சொல்லி, போலீசில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றேன்.

“விசர்க்கதை கதையாதையும் பிள்ளை,” என்றார் அவர். “அவங்களிட்டை ரெண்டே ரெண்டு மறுமொழிதான் இருக்கு. சரணடைய வைச்சிருந்தானெண்டால் இவனும் காட்டாள். மற்றவன் கண்ணிலை படாமல் ஒளிச்சானெண்டால் காட்டாளுக்குக் கூட்டாள். பை விறைப்பா நிக்க வைச்சதெண்டு நீர் சொன்னால் ஆர் நம்புவான்? அவன் வெளியிலை வரான். நீரும் உள்ளுக்குப் போவீர். குழந்தையை ஆர் பார்க்கிறது?”

வீட்டு வாசலில் லெட்சுமி காத்திருந்தாள். வழக்கமாக வாயாடும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, பொறுக்கினப்ப நானும் இருந்தேன்னு சொல்லிடாதக்கா. எனக்கு மூணு புள்ளைங்கக்கா.”

மூன்று நாள் நான் வாய் திறக்கவில்லை. காலையில் கேட் திறக்கும் ஓசை கேட்டவுடன் புறப்படலாம் என்று எழுவேன், குழந்தையைத் தூக்குவேன், மீண்டும் உட்கார்ந்துவிடுவேன். வேலிக்கு வெளியே போனால் அவரைப்போல் பிடிபடுவேன்; உள்ளே இருந்தால் அவரைக் கைவிட்டவளாவேன். சமைக்கவில்லை. மிஷினைத் துணியால் மூடி வைத்தேன்.

நான்காம் நாள், அவரை வேறு ஊர்த் தடுப்பு முகாமுக்கு மாற்றப்போவதாகக் கேள்விப்பட்டேன். கிராணி ஐயாவிடம் அழுது பாஸ் வாங்கிக்கொண்டு கோலா சிலாங்கூர் போனேன். அங்கே ஒரு வெள்ளைக்கார அதிகாரி இருந்தார். அவருக்கு மொழிபெயர்த்தவர் சிவானந்தம் என்ற தமிழர். தாளைப் பொறுக்கியது, ஒட்டியது, தைத்தது எல்லாம் நான் ஒருத்திதான், என் கணவருக்கு ஒன்றும் தெரியாது என்று நின்றபடியே சொன்னேன். லெட்சுமியின் பெயரை எடுக்கவில்லை.

சிவானந்தம் உடனே மொழிபெயர்க்கவில்லை. “அம்மா, ஒங்க வீட்டுக்காரரு நேத்துதான் கைநாட்டு வச்சாரு. பொறுக்குனதும் ஒட்டுனதும் நாந்தான், வீட்ல யாருக்கும் தெரியாதுன்னு.”

குழாயடியில் நான் தலை குனிந்து நின்றதிலிருந்து அவர் எல்லாவற்றையும் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

“அவருக்குப் பசை காய்ச்சவே தெரியாதுங்க ஐயா,” என்றேன்.

சிவானந்தம் ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரி எழுதுகோலை எடுத்துக்கொண்டு ஏதோ கேட்டார்.

“அப்ப ஒங்க புருஷன் போலீஸ்ல பொய் சொல்லிக் கைநாட்டு வச்சாரான்னு கேக்குறாரு. ஆமான்னா அவருக்கு இன்னொரு கேஸு, ஒங்களுக்கும் ஒரு கேஸு. இல்லேன்னா நீங்க சொன்னது பொய். எத எழுதச் சொல்லட்டும்?” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “முந்தாநாளே வந்திருக்கக் கூடாதாம்மா? அப்ப அவரு எதுவுமே சொல்லலியே.”

அவரை ஒரு நிமிடம் பார்க்க அனுமதி கேட்டேன். கிடைக்காது என்றார்கள். குழந்தை அழத் தொடங்கியது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“நான் தவறாகச் சொல்லிவிட்டேன். தயவுசெய்து மன்னிக்க வேண்டும்,” என்றேன்.

அதிகாரி ஒன்றும் எழுதவில்லை. நான் ஆறு மணிக்கு முன்பே தோட்டத்துக்குத் திரும்பிவிட்டேன். கேட்டில் என்னைத் தடவிப் பார்த்து உள்ளே விட்டார்கள்.

இழந்தவற்றை எழுதி முடித்துக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன். என் கணவர் முகாமில் இருந்த ஒரு வருடம் ஏழு மாதம். தப்பால்காரர் வேலை. லயத்தில் எங்களுக்கு இருந்த ஓர் அறையும் அடுப்படியும். காலி செய்ய ஒரு நாள் கொடுத்தார்கள். சாட்சிப் பொருளாகக் கொண்டுபோன தையல் மிஷின். போலீசார் அடுத்த வாரம் லயம் முழுவதும் சோதனையிட்டபோது, நான்தான் காட்டிக்கொடுத்தேன் என்று நினைத்துக்கொண்ட லெட்சுமி. மகள் முதன்முதலாக நடந்ததையும் பேசியதையும் அவர் பார்க்கவில்லை. அவர் திரும்பி வந்த பிறகு, அவள் அவரிடம் போக ஆறு வாரம் ஆயிற்று. அவருடைய இடது காது கேட்பதில்லை. முன்பற்கள் இரண்டு இல்லை.