வீட்டில் விழுந்தவள்

என் மனைவி எங்கள் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டாள் என்று தெருவுக்கே தெரியும். அவள் அங்கே விழவில்லை என்பது எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் அவள் வேலை பார்த்த வார்டுக்கும் மட்டும் தெரியும். அந்த மூன்று பேரில் என் அம்மாவும் ஒருத்தி. பாவம், அவளுக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம்.

என் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாடியில் ஆண்கள் வார்டு. அங்கே மருந்து அறைக்கு முன்னால் ஒரு ஏ.சி. சொட்டிக்கொண்டே இருக்கும். புகார் சொன்னார்கள். வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள், தலையை ஆட்டினார்கள், போனார்கள். தண்ணீர் மட்டும் ஒழுங்காக வேலைக்கு வந்தது. கடைசியில் வார்டுக்காரர்களே ஒரு கிழிந்த பெட்ஷீட்டை நாலாக மடித்துக் கீழே போட்டு வைத்தார்கள்.

ஆனால் அது பெரிய டாக்டரின் கண்ணில் படக் கூடாது. ஒருநாள் ரவுண்ட்ஸ் வந்தவர் அந்தத் துணியைப் பார்த்துவிட்டு, "இது ஆஸ்பத்திரியா, மாட்டுத் தொழுவமா?" என்று கேட்டாராம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்கவில்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் அவருடைய ஷூ சத்தம் படிக்கட்டில் கேட்பதற்குள் யாராவது ஒருத்தி அந்தப் பெட்ஷீட்டை உருவி ஒளித்துவைப்பாள். தரையைத் துடைத்துப் பளபளவென்று ஆக்கிவிடுவார்கள். அவர் போன பிறகு துணி மறுபடியும் தன் இடத்துக்கு வரும். இடைப்பட்ட நேரத்தில் எல்லோரும் சுவரை ஒட்டியே நடக்க வேண்டும். புதிதாக வரும் நர்ஸுக்கு ஊசி எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்கு முன்னால் இதைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். பெரும்பாலும் சொல்லிக்கொடுத்தவள் என் மனைவி.

அன்று பெரிய டாக்டர் தாமதம். பெட்ஷீட்டை எடுத்து வைத்தவள் இவள்தான். அந்த நேரம் பார்த்துக் கடைசிக் கட்டிலில் இருந்தவருக்கு மூச்சு முட்ட, மருந்துத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். அந்த அவசரத்தில் யார் சுவரை ஒட்டி நடப்பார்கள்? கால் இழுத்துக்கொண்டு போனது. வேறு யாராக இருந்தாலும் தட்டை விட்டுவிட்டுக் கையை ஊன்றியிருப்பார்கள். இவள் இரண்டு கையாலும் தட்டைத் தூக்கிப் பிடித்தபடியே விழுந்தாள். மொத்த உடம்பும் ஒரு முழங்காலில் இறங்கியது. ஒரு மருந்துக் குப்பிகூட உடையவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னாள். அதை அவள் சொன்ன விதத்தைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது.

அவளைத் தூக்கிக் கட்டிலில் போட்டதும், நர்ஸுகளுக்கெல்லாம் மேலே இருந்த மேட்ரன் கதவைச் சாத்தினாள்.

"உன்னை இப்படிப் பாக்க எனக்கு வயிறு எரியுதுடி. ஆனா நான் சொல்றதைக் கேளு. வீட்ல விழுந்தேன்னு சொல்லிடு."

"மேடம், வலி உயிர் போகுது."

"தெரியும்டி. வாசல்ல போர்டு இருக்குல்ல? இன்னும் கொஞ்ச நாள்ல வருஷம் முடியப் போகுது. இப்ப போய் அதுல பூஜ்யம் போட்டா இந்த வார்டையே ஒரு வழி பண்ணிடுவாங்க. பெட்ஷீட்டை எடுத்தது யாருன்னு முதல்ல கேப்பாங்க. என்ன சொல்லுவே? உன்னை நான் விட்டுடுவேனா? எல்லாம் நான் பாத்துக்கறேன்."

அந்தப் போர்டை நானும் பார்த்திருக்கிறேன். பணியாளர் யாரும் வழுக்கி விழாமல் எத்தனை நாள் ஆயிற்று என்று பெரிய எழுத்தில் வாசலில் மாட்டியிருப்பார்கள். தினமும் ஒருவர் எண்ணை மாற்றுவார். விழாமல் தடுப்பதற்கு ஆஸ்பத்திரி செய்த ஒரே வேலை அந்தப் போர்டுதான்.

எனக்கு போன் வந்தபோது பட்டறையில் ஒரு பைக்கைப் பிரித்துப் போட்டிருந்தேன். கிரீஸ் கையோடு ஓடினேன். கட்டிலைச் சுற்றி நாலைந்து பேர். என்னைப் பார்த்ததும் அவள், "காலைல நம்ம பாத்ரூம்ல விழுந்தேன்ல, வலியோடயே டியூட்டிக்கு வந்துட்டேன், முடியலைங்க" என்றாள். நான் விழித்தேன். மேட்ரனின் கை அவள் தோளில் இருந்தது. என் மனைவியின் கண்ணைப் பார்த்துவிட்டு, "ஆமா, நான் அப்பவே லீவு போடுன்னு சொன்னேன்" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன முதல் பொய்யே அவளுக்காகச் சொன்னதுதான். வலியோடும் கடமை தவறாதவள் என்று ஆஸ்பத்திரி மேனேஜர் அவளைப் பாராட்டிவிட்டுப் போனார்.

பொய்யைச் சொன்னது நாங்கள், சுமந்தது என் அம்மா. செய்தி கேட்டு மச்சான் வந்தான். தங்கையைப் பார்த்தான், நேராகக் குளியலறைக்குப் போய்த் தரையைக் காலால் தேய்த்துப் பார்த்தான், பிறகு என் அம்மாவைப் பார்த்தான்.

"அத்தை, கொஞ்சம் தேய்ச்சுக் கழுவியிருக்கலாம்ல?"

அம்மா வாயைத் திறந்தாள். கட்டிலில் இருந்து என் மனைவி இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிடுவதைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். மருமகளை விழ வைக்கத்தான் கிழவி சோப்புத் தண்ணீரை ஊற்றினாள் என்று எதிர்வீட்டில் பேசிக்கொண்டார்கள். அம்மா தண்ணீர் பிடிக்கப் போன இடத்திலேயே இரண்டு பேர் பேச்சை நிறுத்தினார்களாம். அதன் பிறகு அவள் அந்தக் குளியலறையைக் காலையும் மாலையும் தேய்த்துக் கழுவினாள். செய்யாத தப்புக்கு அவ்வளவு பிராயச்சித்தம்.

அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த வாரம், மேட்ரனும் பாதுகாப்புப் பிரிவிலிருந்து டை கட்டிய ஒரு பையனும் ஆப்பிள் பையோடு வந்தார்கள். கூடவே குளியலறைக்கு ஒரு ரப்பர் மேட். அந்தப் பையன் எங்கள் குளியலறையை நாலு பக்கமும் நின்று போட்டோ எடுத்தான். வீட்டில் விழாமல் இருப்பது எப்படி என்று பணியாளர்களுக்கு ஒரு நோட்டீஸ் போடப்போகிறார்களாம்.

"இந்த மாதிரித் தரைதான் சார் ரொம்ப ஆபத்து" என்றான்.

"எங்க பாத்ரூம்ல யாரும் மருந்துத் தட்டோட ஓடறதில்ல தம்பி" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. மேட்ரனுக்குப் புரிந்தது. ஆப்பிளை நறுக்கித் தரட்டுமா என்று கேட்டு எழுந்து உள்ளே போனாள்.

வருஷம் முடிந்தது. போர்டுக்குக் கீழே கேக் வெட்டினார்கள். வார்டுக்குள்ளும் பெரிய டாக்டரை நடுவில் நிறுத்தி எல்லோரும் சிரித்துக்கொண்டு நிற்கும் போட்டோ இவள் போனுக்கு வந்தது. இவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. இரண்டு விரலால் படத்தை விரித்து, அவர்கள் காலுக்குப் பின்னால் இருந்த தரையைப் பார்த்தாள்.

"இன்னும் சொட்டுதுங்க" என்றாள்.

கட்டுப் பிரித்த பிறகும் முழங்கால் பழைய மாதிரி மடங்கவில்லை. நாள் முழுக்க நிற்கும் வேலை இனி ஆகாது என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். வார்டுதான் அவளுக்கு எல்லாம். வீட்டில் எனக்கு ஜுரம் என்றாலும் கடைசிக் கட்டில்காரர் சாப்பிட்டாரா என்றுதான் யோசிப்பாள். உட்கார்ந்து செய்யும் வேலை ஏதாவது கொடுங்கள் என்று கேட்கத் தடியை ஊன்றிக்கொண்டு கிளம்பினாள். நான் கூடப் போனேன்.

மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார்.

"டியூட்டில அடிபட்டவங்களுக்குத்தான் அப்படி மாத்தித் தர முடியும். நீங்க வீட்ல விழுந்தீங்க. நாங்க என்னம்மா பண்ண முடியும்?"

இவள் மேட்ரனைப் பார்த்தாள். மேட்ரன் ஜன்னலைப் பார்த்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அவ இங்கதான் சார் விழுந்தா. உங்க ஏ.சி. தண்ணிலதான் விழுந்தா. வாங்க, காட்டறேன்."

"அப்படியா?" அவர் குரலை உயர்த்தவே இல்லை. "அப்ப இவங்க பொய் சொல்லியிருக்காங்க. பொய் சொல்ற நர்ஸை நம்பி நோயாளியை எப்படி சார் ஒப்படைக்கறது?"

நான் அந்த மேஜையைப் புரட்டிப் போட்டிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் தோன்றுகிறது. இவள் என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்து பேச்சையே குறைத்துக்கொண்டாள். கட்டிலுக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து பழகினாள். யூனிஃபார்மைத் துவைத்து, தேய்த்து, அலமாரியில் வைப்பாள். அழுக்கே ஆகாத துணியை அடுத்த வாரம் எடுத்து மறுபடியும் துவைப்பாள். அம்மா அதைப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விடுவாள்.

ஒருநாள் சாயங்காலம் மேட்ரன் போன் செய்தாள். இவள் போனைக் கட்டில் மேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"இப்ப உன் இடத்துல நிக்கறாளே, நீ விழறதுக்குக் கொஞ்சம் முன்னாடி சேர்ந்த பொண்ணு, புதுசாக் கல்யாணமானவ. இன்னைக்கு அதே இடத்துல விழுந்துட்டாடி. மணிக்கட்டு போச்சு. எல்லாத்தையும் எழுதிக் கொடுப்பேன்னு ஒரே பிடிவாதமா நிக்கறா. நீதானே அவளுக்கு வேலை சொல்லிக்கொடுத்தே? நீ சொன்னா கேப்பா."

இவள் யூனிஃபார்ம் இருந்த அலமாரியைப் பார்த்தாள்.

"மேனேஜர்கிட்ட நானே பேசிட்டேன். கீழ உனக்கு உக்கார்ற வேலை ஒண்ணு தயார் பண்ணியாச்சு. புதுசா வர்றவங்களுக்கு, வழுக்கி விழாம இருக்கறது எப்படின்னு கிளாஸ் எடுக்கணும். நாளைக்கே வந்து சேர்ந்துக்கலாம். அவகிட்ட மட்டும் பேசிடு."

போன் கட்டானது. இவள் சிரித்தாள். வெகு நாளைக்குப் பிறகு அவள் சிரித்ததைக் கேட்டு எனக்குப் பயமாக இருந்தது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"வேண்டாம்மா. இன்னொரு மாமியார் தலைல கொண்டு போய்ப் போடாதே."

"எனக்குத் தெரியும் அத்தை" என்றாள் இவள். அம்மாவை நிமிர்ந்து பார்க்கவில்லை. முழங்காலைத் தடவினாள். பிறகு போனை எடுத்து அந்தப் பெண்ணின் எண்ணைத் தேடினாள்.

தடுத்திருக்கலாம். யாரோ ஒரு பெண்ணின் கைக்காக என் வீட்டுக்காரியின் வேலையை நான் ஏன் விட வேண்டும் என்றுதான் அந்த நிமிஷம் நினைத்தேன். எழுந்து போய், அவளுக்குச் சரியாகக் கேட்கட்டும் என்று டிவி சத்தத்தைக் குறைத்தேன்.

அந்தப் பெண் எடுத்ததுமே அழுதாள். அக்கா, அக்கா என்று மட்டும்தான் எனக்குக் கேட்டது.

"அழாதேடா. கையைத் தொங்கப் போடாதே, தலகாணி மேல தூக்கி வச்சுக்கோ. விரல் அசையுதா? மரத்துப் போகலியே? ஐஸ் வச்சாங்களா?" என்று கேட்டாள். குரலில் அத்தனை பரிவு. அது நடிப்பில்லை, வார்டில் அவள் பேசுகிற அதே குரல்தான். அந்தப் பெண்ணின் அழுகை மெல்ல அடங்கியது. அம்மா அங்கிருந்து போய்விட்டாள்.

இவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"சரி, நான் ஒண்ணு கேக்கறேன், சொல்லு" என்றாள். "உங்க வீட்ல மாடிப்படி இருக்கா?"