பின்னால் விழுந்த பிம்பம்

1

இந்தக் கதை ஒரு திருட்டில் தொடங்கியது. எழுதத் தாள் தேடி மனைவியின் மேசை இழுப்பறையைத் திறந்தேன். கிடைத்த தாளின் பின்பக்கத்தில் இரண்டு லென்ஸ்கள், ஊடே பென்சில் கதிர்கள். அந்தப் படம் குறுக்குக்கோடு போட்டு அடிக்கப்பட்டு, கீழே வேறொன்று திருத்தி வரையப்பட்டிருந்தது. ஓரத்தில் அவள் கையெழுத்தில் போன மாதத் தேதி: 3.

2

(முதலில் ‘அவள் நேர்மையானவள்’ என்று ஆரம்பித்தேன். யாரும் கேட்காதபோது எதற்கு அந்தச் சான்றிதழ்?)

அவள் ஒரு பட்டறையில் புரொஜெக்டர்களுக்கு லென்ஸ் அமைப்பு வரைகிறவள். லென்ஸ் தேய்த்துக் கொடுத்தவர் அவளுடைய பெரியப்பா மகன், என் மச்சான். போன மாதத் தொடக்கத்தில் புது புரொஜெக்டர்களில் படம் மங்கலாக விழுந்தது. ஐந்தாம் தேதி முதலாளி காரணம் கேட்டார். தேய்ப்பில்தான் பிழை என்றாள் இவள். ஒன்பதாம் தேதி மச்சானுக்கு வேலை போயிற்று.

“நான் தேய்ச்சது சரியாத்தான் இருக்கு மாப்பிள்ளை. யாராவது அளந்து பாக்கட்டும்” என்று என்னிடம் சொன்னார். நான் யாரையும் அளக்கச் சொல்லவில்லை.

3

இரண்டு லென்ஸ் இருந்தால் பிம்பம் எங்கே விழும் என்று, ஒன்றும் தெரியாதவன்போல அவளிடம் கேட்டேன். ஸ்கேல் வைத்து வரைந்தே காட்டினாள். இரண்டாவது லென்ஸ் இல்லவே இல்லை என்பதுபோல முதலாவதற்கு மட்டும் கதிர்களை வரைய வேண்டும். அவை சந்திக்கும் இடத்தில் கிடைக்கும் பிம்பம்தான் இரண்டாவது லென்ஸுக்குப் பொருள்.

“அது ரெண்டாவது லென்ஸுக்குப் பின்னால போய் விழுந்தா?”

“அப்பவும் அதுதான் பொருள். முன்னால இருக்கறதா வரைஞ்சா எல்லாம் தப்பாயிடும். நிறைய பேர் இங்கதான் கோட்டை விடுவாங்க.”

“நீ?”

பென்சிலைச் சீவ ஆரம்பித்தாள். அது ஏற்கெனவே கூராகத்தான் இருந்தது.

(இது கதைக்காகச் சேர்த்த வரி என்று நினைப்பீர்கள். இல்லை.)

இழுப்பறைத் தாளில் அடிக்கப்பட்ட படத்தில் இருந்தது அதே பிழை.

4

முடிவு ஒன்று: தேதி 3தான். தன் தவறு தெரிந்தே அண்ணனை மாட்டிவிட்டாள்.

முடிவு இரண்டு: 3க்கு முன்னால் மங்கலாக ஒரு கீற்று தெரிகிறது. அது 13. அவர் வேலை போனபிறகுதான் கண்டுபிடித்தாள். அப்புறம் வாயைத் திறக்க

(இந்த வாக்கியம் முடிய மறுக்கிறது. பதின்மூன்றாம் தேதி போயும் மூன்று வாரம் ஆகிவிட்டது.)

5

இதுவரை எழுதியதை மேசைமேல் வைத்தேன். படித்தாள். ஒரே ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினாள். தேதியைத் தொடவில்லை.

“அண்ணன்கிட்ட காட்டப் போறீங்களா?”

வெறும் கதைதானே என்றேன்.

“கதைன்னா எனக்கு எதுக்குப் படிக்கக் கொடுத்தீங்க?”

எழுதியதை எடுத்துக்கொண்டு மச்சான் வீட்டுக்குக் கிளம்பினேன். அவளும் செருப்பை மாட்டிக்கொண்டாள். ஒப்புக்கொள்ளவா, மறுக்கவா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மச்சான் வீட்டு மணியை அடித்துவிட்டேன். உள்ளே காலடிச் சத்தம் கேட்கிறது. கதவு திறந்ததும் அவள் என்ன சொல்கிறாள் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதினால், அவளைச் சந்தேகித்துத்தான் எழுதுவேன்.