எந்தப் பக்கம் ஓடினார்

மருந்துக்கடைக்காரம்மா தன் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எங்கள் மாடிப்படி ஏறி வந்தபோது, நான் ஒரு பள்ளிக்கூடப் பையின் ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பை தைப்பதும் கிழிந்ததைச் சரிபார்ப்பதும் என் வேலை. தெருவில் பாதிப் பிள்ளைகளின் முதுகில் என் தையல்தான் போய்வருகிறது. வீட்டுக்காரர் பள்ளி வேன் ஓட்டுகிறார். பிள்ளைகளைச் சுமப்பது அவர், பிள்ளைகள் சுமப்பதைத் தைப்பது நான் என்று சொன்னால் சிரிப்பார். முன்பெல்லாம் சிரிப்பார். வேன் தீப்பிடித்த நாளிலிருந்து மனிதருக்குச் சிரிப்பு கொஞ்சம் தட்டுப்பாடாகிவிட்டது.

"அண்ணி, அண்ணன் இருக்காரா? இவ அவர்கிட்ட மன்னிப்பு கேக்கணும்."

மகள் தலையைக் குனிந்தபடி நின்றாள். வாலு என்றுதான் தெரு முழுக்க அவளைக் கூப்பிடும். பெயருக்குக் குறை வைக்காத பிள்ளை. அன்றைக்கு வேனில் கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தவள் இவள். கொதித்த பூட்டைத் திறந்து இவளைத் தூக்கி வெளியே விட்டபோதுதான் அவருடைய வலது உள்ளங்கை வெந்துபோனது. தோல் இன்னும் இழுத்துப் பிடிக்கிறது. ஸ்டியரிங்கை முழுசாக மடக்கிப் பிடிக்க முடியாது.

"என்ன செஞ்சா?" என்றேன்.

அவள் அம்மா கையிலிருந்த புத்தகத்தை என் மெஷின் மேல் வைத்தாள். எனக்கு அதை அறிமுகப்படுத்தவே வேண்டாம். அதன் இன்னொரு பிரதி, வருகிறவர் போகிறவர் கண்ணில் படுகிற மாதிரி, மெஷினுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. பிள்ளைகளுக்காக வீரர்களைப் பற்றி வரிசையாகப் புத்தகம் போடுகிறவர்கள் என் வீட்டுக்காரரைப் பற்றியும் ஒன்று போட்டிருந்தார்கள். அட்டையில் இவர்தான். தொப்பை கிடையாது, தலை நிறைய முடி, புஜம் இரண்டும் பஞ்சு அடைத்த மாதிரி. படம் போட்டவர் தாராள மனசுக்காரர். உள்ளே பெரிய எழுத்தில், 'தீயைக் கண்டதும் டிரைவர் மாமா ஓடினார். பூட்டைத் திறந்தார். எல்லாரையும் காப்பாற்றினார்' என்று இருக்கும். எதிர்ப்பக்கத்தில், நெஞ்சை நிமிர்த்தி நெருப்பை நோக்கி ஓடிக்கொண்டிருப்பார். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. அவர் மட்டும் ஒரு தடவைகூடப் புரட்டிப் பார்த்ததில்லை. எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்று அதையும் நான்தான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"டீச்சர் கிளாஸ்ல இத வாசிச்சிருக்காங்க. இவ எந்திரிச்சு, படம் தப்பு, மாமா எங்கள விட்டுட்டு அந்தப் பக்கம் ஓடினாருன்னு சொல்லியிருக்கா. பசங்கல்லாம் பொய்க்காரின்னு பேர் வெச்சுட்டாங்களாம். யாரும் பக்கத்துல உக்கார மாட்டேங்குறாங்க. அதுக்கும் அடங்காம புத்தகத்துல வேற கிறுக்கி வெச்சிருக்கா. உயிரக் காப்பாத்துனவரப் பத்தி இப்படிப் பேசலாமான்னு டீச்சர் எனக்குப் போன் பண்ணிக் கேக்குறாங்க. நாக்கப் பிடுங்கிக்கலாம்போல இருந்துச்சு அண்ணி."

எனக்குச் சுருக்கென்றது. வால்தனத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா? இவளை இறக்கிவிட்ட கைக்கு நான் இன்னும் களிம்பு தடவிக்கொண்டிருக்கிறேன். நல்லதாக நாலு வார்த்தை கொடுக்கலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அவர் உள்ளேயிருந்து வந்துவிட்டார். பேச்சு முழுவதும் காதில் விழுந்திருக்க வேண்டும். முகம் வெளிறிப்போயிருந்தது.

"சொல்லுடி," என்றாள் அம்மா.

"மன்னிச்சிருங்க மாமா." பிறகு, தரையைப் பார்த்தபடியே, "ஆனா நீங்க ஓடினீங்க."

அம்மா கையை ஓங்கினாள். "அடிக்காதீங்க," என்று அவர் குறுக்கே வந்தார். மெஷின் மேலிருந்த புத்தகத்தை எடுத்து, முதல் தடவையாகத் திறந்தார்.

நானும் எட்டிப் பார்த்தேன். எழுத்துக்குக் கீழே இருந்த வெள்ளை இடத்தில் வாலு பென்சிலால் இன்னொரு டிரைவரை வரைந்திருந்தாள். வேனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காலை அகல விரித்து, பக்கத்தை விட்டே வெளியே போகிறவர் மாதிரி ஓடிக்கொண்டிருந்தார். தொப்பை அப்படியே இருந்தது.

அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் மெதுவாக, "கையில சாவி போடாம விட்டுட்டியே," என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. மருந்துக்கடைக்காரம்மாவுக்கும் புரியவில்லை. வாலு மட்டும் சட்டென்று நிமிர்ந்தாள்.

"சாவி இருந்துச்சா?"

"கையிலதான் இருந்துச்சு. வண்டிய நிறுத்துனதும் சாவிய உருவிக்குறது பழக்கம். பொகை வந்துச்சு, நிறுத்துனேன், உருவுனேன், குதிச்சு ஓடிட்டேன். எதுத்தாப்புல இருந்த விளக்குக் கம்பம் வரைக்கும் ஓடிட்டேன். அங்க நின்னு கைய விரிச்சா, சாவிக்கொத்து. நடுக்கதவுப் பூட்டோட சாவியும் அதுலதான் இருக்கு. நான் ஒருத்தன்தான் தெறக்க முடியும்னு அப்பத்தான் உறைச்சுது. திரும்பி ஓடியாந்தேன்."

நடுக்கதவைப் பூட்டுவது அவருடைய வழக்கம். ஓடுகிற வண்டியில் பிள்ளைகள் கதவைத் திறந்துவிடக் கூடாது என்று அவரே வாங்கி மாட்டிய பூட்டு அது.

"அப்ப புத்தகத்துல?" என்றேன்.

"எழுதுறவர் வந்து, தீயப் பாத்ததும் என்ன செஞ்சீங்கன்னு கேட்டாரு. ஓடினேன் சார்னேன். எழுதிக்கிட்டாரு. எந்தப் பக்கம்னு அவர் கேக்கல. நானும் சொல்லல."

கோபம்தான் முதலில் வந்தது எனக்கு. இத்தனை நாளும் என்னை ஒரு கோமாளி மாதிரி புத்தகத்தைத் தூக்கிக் காட்ட விட்டிருக்கிறாரே! அடுத்த நொடியே, இந்த மனிதர் அந்த விளக்குக் கம்பத்தைத் தனியாகத் தலையில் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார், படுத்திருக்கிறார், நான் பெருமை பேசும்போதெல்லாம் எழுந்து போயிருக்கிறார் என்று நினைத்ததும் அந்தக் கோபம் நிற்கவில்லை.

வாலு யோசித்துக்கொண்டிருந்தாள்.

"சாவி வண்டியிலயே இருந்திருந்தா மாமா?"

சும்மா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்பவும் வந்திருப்பேன்டா என்றால் முடிந்தது. நானாக இருந்தால் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொல்லியிருப்பேன். சொல்லுங்களேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"தெரியலடா," என்றார். "அதத்தான் தினமும் யோசிக்குறேன். தெரியல."

வாலு அதை ஏற்றுக்கொண்ட மாதிரி தலையாட்டினாள். பிள்ளைகளுக்குச் சில விஷயம் எப்படித்தான் சீக்கிரம் செரிக்கிறதோ.

"அப்ப நான் பொய் சொல்லல."

"நீ பொய் சொல்லல."

"டீச்சர்கிட்ட சொல்லுவீங்களா?"

"நாளைக்கே வந்து சொல்றேன். எல்லாப் பிள்ளைங்க முன்னாடியும்."

மருந்துக்கடைக்காரம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அந்த விளக்குக் கம்பம்வரை ஓடிய நேரத்தில், பூட்டின கதவுக்குப் பின்னால் இருந்தது அவள் பிள்ளை. அதே பிள்ளையைத் தூக்கி வெளியே விட்டதும் இந்தக் கைதான். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க யாருக்குத்தான் முடியும்? மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள். புத்தகம் மெஷின் மேலேயே கிடந்தது.

"கொஞ்சம் பக்குவமா சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"இதுல என்ன பக்குவம் இருக்கு?"

"நாளைக்கு ஒருத்தரும் பிள்ளைய அனுப்பலன்னா?"

"அனுப்பலன்னா அனுப்பல. அதுக்காக அந்தப் பொண்ணு கிளாஸ்ல தனியா உக்காரணுமா?" வீறாப்பாகத்தான் சொன்னார். ஆனால் களிம்பு மூடியை அந்தக் கையால் திறக்க முடியவில்லை. நான் வாங்கித் திறந்து, அந்த உள்ளங்கையில் தடவிவிட்டேன். சாவிக்கொத்து அழுந்தியிருந்த இடம் எது, பூட்டு சுட்ட இடம் எது என்று அந்தத் தழும்பில் எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

காலையில் அவர் கிளம்பியதும் நான் வெளியே வந்து கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். புது வேனின் நடுக்கதவில் பூட்டு கிடையாது. எதிரே மருந்துக்கடை ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. அதற்கு முன்னால் வேனை நிறுத்தி ஹாரன் அடித்தார். யாரும் வரவில்லை. இன்னொரு தடவை அடித்தார், முந்தியதைவிடச் சின்னதாக.

ஷட்டருக்குக் கீழே முதலில் இரண்டு கால் தெரிந்தது. வாலு குனிந்து வெளியே வந்தாள், வேனைப் பார்த்தாள், ஓடினாள். வேன் பக்கம்தான் ஓடினாள். இரண்டு எட்டு வைப்பதற்குள் ஷட்டருக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு அவள் பையின் மேல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டது. அவள் முன்னால் இழுத்தாள். அம்மா விடவில்லை.

அந்தக் கைப்பிடி நான் தைத்தது. இரட்டைத் தையல். எந்தப் பக்கம் இழுத்தாலும் அவ்வளவு லேசில் அறுந்துவிடாது. அவர் இறங்கி நடுக்கதவைத் திறந்து வைத்துவிட்டு, மறுபடி ஹாரன் அடிக்காமல், பக்கத்திலேயே நின்றார்.