நான்காவது ஹாரன்

பனிமூட்டத்துக்குள் எங்கோ ஹாரன் ஒலிக்கிறது, குட்டையாக நான்கு முறை, லாரி இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை, நான் மலைமேல் வயர்லெஸ் கூடாரத்தில் இருக்கிறேன், அல்லது வீட்டுச் சாய்வு நாற்காலியில், தெருவில் தண்ணீர் லாரி, இந்த வயதில் இரண்டுக்கும் அப்படியொன்றும் தூரமில்லை, எப்படியும் வருவது ஞானசிகாமணிதான், நாசரேத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவன், ஒரே ரயிலில் பட்டாளத்துக்கு வந்தவன், பயிற்சி முகாமில் பக்கத்துக் கட்டிலில் கிடந்து, ஏலே, ரெண்டு பேரும் டிரைவர் வேலையே கேப்போம், ஒரே வண்டில போட்ருவாவ, பாதி தூரம் நீ, பாதி தூரம் நான், என்று தூக்கத்திலும் கியர் போடுகிறவன்.

ஆனால் வேலை பிரிக்குமுன் காது சோதனை உண்டு, ஹவில்தார் துரைக்கண்ணு தந்திச் சாவியைத் தட்டி இரண்டு ஒலி விடுவார், ஒன்றுபோல இருந்தால் அதே, இல்லாவிட்டால் வேற என்று சொல்லவேண்டும், தேறினால் வயர்லெஸ், தேறாவிட்டால் லாரி, எனக்கோ காது கொஞ்சம் கூடுதல், பனங்காய் விழுமுன்னே எந்த மரத்தில் என்று சொல்லிவிடுவேன், ஊரில் யாரும் இதை மறுத்ததில்லை, மறுக்கக்கூடியவர்களின் மண்டையெல்லாம் நான் காப்பாற்றியவை, அதனால் தோற்பதற்கு நான் பாடுபட வேண்டியிருந்தது, அதே என்று கேட்டால் வேற என்றேன், வேற என்று கேட்டால் அதே என்றேன், துரைக்கண்ணு சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்க்கிறார், இன்னமும் பார்க்கிறார், ஏன்டா, செவுடன்கூட குத்துமதிப்பா பாதி சரியா சொல்லுவான், ஒண்ணு உடாம தப்பா சொல்றதுக்கு எல்லாத்தையும் சரியா கேட்டிருக்கணும்டா, போ, வயர்லெஸ்ல போயி குந்து, அடுத்து வந்த சிகாமணி, நானும் தப்பாத்தான் சொன்னேன் உஸ்தாத், என்று கெஞ்சுகிறான், நீ பாதிக்குப் பாதி, உனக்கு லாரிதான், என்கிறார், விரும்பிய வேலை கிடைத்து அழுத ஒரே ஆளை அன்றுதான் பட்டாளம் பார்த்தது.

பிரியும்போது சிகாமணியின் முதல் எழுத்தான எஸ்ஸைத் தந்தி மொழியில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன், மூன்று குட்டை, என் கூடாரத்தைத் தாண்டும்போது ஹாரனில் அடி, அவன் பெட்டியில் நான்கு தட்டினான், மூணுல, என்றேன், சரில, என்றான், மறுபடி நான்கு.

பிறகு மலை, கீழே வளைந்து போகும் லாரி வரிசை, நடுவே நான்கு ஹாரன், பதிலுக்கு நான் அலுமினியத் தட்டில் கரண்டியால் தட்டுவேன், சாப்பாடு என்று நினைத்து முகாமே வரிசையில் நின்றுவிடும், ஒருமுறை பக்கத்து மலைப் பட்டாளமும் தட்டோடு வந்தது, சமையல்காரர் என்னோடு பேசுவதை நிறுத்தினார்.

ஒருநாள் காலை காதில் மாட்டிய வயர்லெஸ் கருவியில் செய்தி வருகிறது, லாரி ஒன்று பள்ளத்தில், டிரைவர் பெயர் இல்லை, மிச்ச வண்டிகள் வந்துகொண்டிருக்கின்றன, கூர்மையான இந்தக் காதை அன்றுதான் முதன்முதலாக வெறுத்தேன், தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வருகிறேன், பனி, எதிரே எதுவும் தெரியவில்லை, எஞ்சின்கள் ஒவ்வொன்றாகத் தாண்டுகின்றன, பிறகு ஹாரன், மூன்று, அச்சுப் பிசகாமல் மூன்று, தட்டைக் கீழே இறக்குகிறேன், இவ்வளவு சரியாக அடிக்க அவனுக்கு வராது, வேறு யாரோ, பனி மெல்ல நகர்கிறது, வளைவுக்கு அப்பாலிருந்து, மறந்துவிட்டதை எடுக்கத் திரும்பி வந்தவனைப் போல, நான்காவது.