நெல்-1

காவிரிப் பாலத்தின் நடுவில் ஸ்கூட்டரை ஓரங்கட்டி, பின்னால் ஹாரன் அடித்த பஸ்ஸைச் சட்டை செய்யாமல் வார்டுக்குப் போன் போட்டாள் டாக்டர் யமுனா.

“மஜீதா சிஸ்டர், நல்லதம்பிக்கு ட்ரிப் ஏத்திடாதீங்க. வந்துட்டே இருக்கேன்.”

சிறுநீரகத்தைக் காப்பாற்றப் போகும் அந்த வீரியமான மருந்து, போன தையில் கல்யாணமான நல்லதம்பியை அப்பாவாகவே விடாமல் செய்துவிடக்கூடும்.

யமுனா வேலை பார்க்கும் திருச்சி ஆஸ்பத்திரி, சிறுநீரகத் திசுப் பரிசோதனை முடிவுகளை ஆராய்ச்சிக்காகத் திரட்டி வந்தது. ஒரே நோயை ஒவ்வொரு லேபும் ஒவ்வொரு பெயரில் எழுதி அனுப்பும். எல்லாவற்றுக்கும் பொதுவான குறியீடு போடுவது அவள் பொறுப்பு. நோயின் பெயரை மட்டும் கொடுத்தால் கம்ப்யூட்டர் விடாது. எந்த வகை என்று கேட்கும். காலையில் ஸ்ரீரங்கத்து வீட்டில் அந்த வகையைத் தேடியபோதுதான், நல்லதம்பியின் ரிப்போர்ட்டில் எல்லோரும் தாண்டிப் போயிருந்த கடைசி வரி கண்ணில் பட்டது. நெல்-1 என்றொரு புரதம்.

அதற்குரிய குறியீட்டைத் தட்டினாள். வேறு வேறு பெயர்களில் சிதறிக் கிடந்த பழைய நோயாளிகள் வரிசையாக வந்து விழுந்தார்கள். அத்தனை பேர் உடம்பிலும் பாதரசம். அது வந்த வழியை அடைத்ததும் பெரும்பாலோர் தேறியிருந்தார்கள், இந்த ட்ரிப் இல்லாமலே.

வார்டு வாசலில் மறித்த தலைமை டாக்டர் ஸ்ரீநாத், அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, நெல் என்றால் துறையூர் மண்டிக்கல்லவா போக வேண்டும், இங்கே ஏன் வந்தது என்று சீண்டினார். பாதரசம் கலந்த நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டாயா என்று தானே திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டதாகவும், சத்தியம் செய்யாத குறையாக நல்லதம்பி மறுத்ததாகவும் சொன்னார்.

“அவர் பொய் சொல்லலை சார். நாமதான் சாப்பிட்டீங்களா, சாப்பிட்டீங்களான்னே கேட்டுட்டு இருக்கோம். பாதரசம் தோல் வழியாவும் உள்ளே போகும். நான் கேட்கிறேன், பாருங்க.”

ஸ்ரீநாத் வழிவிட்டார்.

ரயில்வே ஒர்க்‌ஷாப் ஃபிட்டர் நல்லதம்பி, வீங்கிய கால்களை நீட்டிப் படுத்திருந்தான். பக்கத்தில் அவன் மனைவி ஆனந்தவள்ளி சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள்.

யமுனா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “மருந்தை விடுங்க. உடம்புல, மூஞ்சில ஏதாவது பூசுறீங்களா?”

ஆனந்தவள்ளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இவரா? பவுடர் டப்பாவைக்கூடத் தொட மாட்டாரு டாக்டர்.”

நல்லதம்பி சிரிக்கவில்லை. அவன் பார்வை மனைவியிடம் போய்விட்டுச் சுவருக்குத் திரும்பியது. யமுனா அவசரப்படுத்தவில்லை. இந்த வாய் திறக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

“வேலை செய்யுற இடத்துல, லாக்கர்ல வச்சிருக்கேன் மேடம்” என்றான் கடைசியில். “பொண்ணு பார்க்கப் போனப்போ, மாப்பிள்ளை ரொம்பக் கறுப்புன்னு இவ அத்தை சொன்னது காதுல விழுந்துச்சு. அன்னையிலேர்ந்து, வெள்ளையாக்குற க்ரீம் தினமும் ரெண்டு வேளை பூசுறேன். இவளுக்குத் தெரியாது.”