உப்பு போட்ட கஞ்சி

ஆண்கள் சிற்றாற்றுக்கு பிணம் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்கப் போயிருந்த நேரத்தில், வடிவாம்பாள் அடுக்களையில் உட்கார்ந்து ஒரு பீங்கான் கோப்பையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் கூடத்தில் பிணமாகக் கிடக்கும்போது பாத்திரம் தேய்க்கிறவளை ஊர் என்ன சொல்லும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. நேற்று அந்தியில் அந்தக் கோப்பையில்தான் அவருக்கு உப்பு போட்ட கஞ்சி கொடுத்தாள். இன்று காலை அவர் போய்விட்டார்.

அவள் புருஷன் தாணுமாலயனுக்கு இரண்டு வருஷமாகக் குடலில் புண். தென்காசி ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தா; செங்கோட்டை வண்டி வருவதற்குள் நாலு தடவை கொல்லைக்கு ஓடுவார், போனால் ரத்தம். டாக்டர் இரும்புச்சத்து டானிக் எழுதிக் கொடுத்தார். அதைக் குடித்ததும் மலம் கறுத்துப் போகவே, உள்ளே குடல் அழுகுகிறது என்று பயந்து அவருடைய அக்கா சொக்கம்மாள் பாட்டிலைச் சாக்கடையில் கொட்டினாள். அப்புறம் வாசுதேவநல்லூர் வைத்தியர். அவர் சொன்னது பன்னிரண்டு நாள் உப்பில்லாப் பத்தியம். சொக்கம்மாள் அதை ஒரு மண்டலமாக நீட்டினாள். பத்தியம் கூடினால் பலனும் கூடும் என்று நம்பினாள். தாயில்லாத தம்பியை ஐந்து வயதிலிருந்து வளர்த்தவள். அவன் தின்னாத உப்பு தனக்கும் வேண்டாம் என்று அவளும் விட்டுவிட்டாள்.

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலேம்பாங்க. அக்கா என்னையும் அங்கனதான் போடப் போறா" என்று தாணுமாலயன் கேலி பேசுவார். முப்பது நாளில் கேலியும் நின்றது. கெண்டைக்கால் சுண்டி இழுத்தது, எழுந்தால் தலை சுற்றியது. நாற்பத்தோராம் நாளான நேற்று, "ஒரு கல்லு போடு வடிவு" என்று கெஞ்சினார். போட்டாள். கோப்பையை வழித்துக் குடித்தார்.

பின்வாசலில் நிழல் தட்டியது. டாக்டரிடம் வேலை பார்க்கும் கம்பவுண்டர் கிதிர் முகம்மது, கையில் தொப்பியோடு நின்றார். வடிவாம்பாளுக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"அண்ணாச்சி, உப்பு குடுத்தா உசுரு போயிருமா? நேத்து நான்தான் பத்தியத்த முறிச்சேன்."

"எத்தன நாளா உப்பில்லாம இருந்தாரு?"

"நாப்பது நாளு. கறுப்பா போகுதுன்னு டானிக்கயும் நிறுத்தியாச்சு."

அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "பேதியில உப்புதானம்மா மொதல்ல போகுது. போனத ஊட்டணும்லா. இரும்பு டானிக்குக்குக் கறுப்பாத்தான் போகும், அதுக்குப் போயி நிறுத்துவாகளா? நீ குடுத்தது கொல்லலம்மா. குடுக்காம விட்டதுதான்..." மிச்சத்தை விழுங்கிவிட்டார்.

வடிவாம்பாளுக்கு முதலில் வந்தது நிம்மதி. அது வந்ததற்காக வெட்கப்பட்டாள். பிறகு கோபம் வந்தது. ஓடிப்போய்க் கூடத்தில் நின்று கத்த வேண்டும் போல இருந்தது.

அதற்குள் சொக்கம்மாளே அடுக்களைக்கு வந்துவிட்டாள். காலையிலிருந்து அவள் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. ஆளும் பாதியாகியிருந்தாள்.

"கம்பவுண்டரே, நீங்க படிச்சவுக. ஒரு கல்லு உப்பு அவன் வாயில அண்ட விடலயே நான். எதுல கொற வச்சேன், சொல்லுங்க."

கிதிர் முகம்மது வாயைத் திறந்தார்.

"நீங்க ஒரு கொறையும் வைக்கல மதினி" என்றாள் வடிவாம்பாள். "நேத்து நீங்க கோயிலுக்குப் போயிருக்கையில, கஞ்சியில நான்தான் உப்பு போட்டேன்."

சொக்கம்மாள் அவளையே பார்த்தாள்.

"பாதகத்தி! எந்தம்பியக் கொன்னுட்டியேட்டி!"

அவ்வளவு நேரம் வராத அழுகை அப்போதுதான் வந்தது. தரையில் விழுந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். கம்பவுண்டர் ஏதோ சொல்ல நகர்ந்தார். வேண்டாம் என்று வடிவாம்பாள் தலையசைத்தாள். அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார்.

அழுது தொண்டை கட்டிப்போனது சொக்கம்மாளுக்கு. வடிவாம்பாள் செம்பில் தண்ணீர் மொண்டுவந்து நீட்டினாள். சொக்கம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வடிவாம்பாள் செம்பைக் கீழே வைக்காமல் பக்கத்திலேயே நின்றாள்.